ஏழரை நிமிடம்

கணிதம் படிப்பிக்கின்றவரே கணக்கிற் பிழைவிட்டார் என்று கேள்விப்பட்டால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு வருட காலம் இவ்விஷயத்தை மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தோம். ஆனால், சென்ற கிழமை வகுப்பிலே அதே பிழையை மாணவர் நால்வர் அடுத்தடுத்து விடக் கண்டபோது, இனியும் வாய்மூடியிருத்தல் முறையன்று என்று தோன்றியது. ஆகையினால் இவ்வாரம் எமது பிழையையே எழுதுகிறோம். வீட்டில் இணைய இணைப்பு வைத்திருக்கும் பெற்றோரும், அதற்கு மாதாமாதம் பணம் கட்டுவோரும் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம்.

எம்மிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன். மிருதங்கத்தில் நல்ல கைவளம் உடையவன். தகப்பன் இல்லை. தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று இசை பயில விரும்புவோருக்குப் புலமைப்பரிசில் அளிக்கிறதென்று அறிந்து அவன் விண்ணப்பித்திருந்தான். தன் வாசிப்பை ஒளிப்பதிவு செய்து, அக்கோப்பை இணையத்தின் மூலம் குறித்த நாளன்று எமது நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு முன் அனுப்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அன்றிரவு 10.40க்கு எமக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது.

“சேர், கோப்பு 900 மெகாபைற்று இருக்கு. எங்கடை இணைப்பிலை அனுப்புற வேகம் 2 எண்டு போட்டிருக்கு. எவ்வளவு நேரம் எடுக்கும்?”

மனக்கணக்கிலே எமக்கு ஒரு பெருமை உண்டு. 900ஐ 2ஆல் வகுத்தோம், 450 செக்கன். அதை 60ஆல் வகுத்தோம். “ஏழரை நிமிடம் போதும், ஆறுதலாகச் செய்” என்று கூறிவிட்டு நித்திரைக்குப் போனோம். ஏழரை என்ற எண்ணைக் கேட்டதுமே எமது பாட்டியார் சனீஸ்வரனை நினைத்துக் கன்னத்திற் போட்டுக்கொள்வார். நாம் கற்றவரல்லவா, போட்டுக்கொள்ளவில்லை.

ஆசிரியரின் வாக்கை நம்பிய பையன் உண்மையிலேயே ஆறுதலாகத்தான் செய்தான். பதிவின் நடுவே ஓரிடத்தில் ஒலி சற்றுப் பின்தங்கியிருந்தது. நேரம் இருக்கிறதே என்று அதைத் திருத்திப் புதுப்பித்து, 11.35க்கு அனுப்பத் தொடங்கினான். நள்ளிரவு 12 மணிக்கு நூற்றுக்கு 38 பங்கு போயிருந்தது. அத்தோடு அக்கல்லூரியின் கதவு அடைபட்டது.

மறுநாட் காலை அவ்வீட்டுக்குச் சென்றோம். தாயார் எம்மை இருத்தித் தேநீர் தந்தார். “பரவாயில்லை மாஸ்ரர், அவனுக்கு இன்னும் வயசிருக்கு” என்றார். ஏசியிருந்தாரேல் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். பையன் பக்கத்திற் கிடந்த மிருதங்கத்தின் வாரைத் தடவியபடி, “எங்கை சேர் பிழைச்சது?” என்று மட்டும் கேட்டான். “இணைப்பு மந்தமாயிருந்திருக்கும்; இந்தக் கொம்பனிக்காரர் இப்படித்தான்” என்று பழியை வேறிடத்திற் போட்டுவிட்டு எழுந்து வந்தோம். அப்போது அதை நாம் உண்மையென்றே நம்பினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து, எண்களோடு அவற்றின் அலகுகளையும் சேர்த்து எழுதிப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. 900 என்பது மெகாபைற்று. 2 என்பதோ செக்கனுக்கு 2 மெகாபிற்று.

பிற்று என்பது யாது? ஆம் அல்லது இல்லை. விளக்கு எரிகிறது அல்லது அணைந்திருக்கிறது. 1 அல்லது 0. இந்த ஒரே ஒரு தெரிவைத் தெரிவிப்பதே ஒரு பிற்று. அத்தகைய 8 பிற்று சேர்ந்தது ஒரு பைற்று. ஆங்கில எழுத்தொன்றைக் கணினியிற் குறித்து வைப்பதற்கு ஒரு பைற்று போதும். எமது தமிழுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். இன்று இணையமெங்கும் வழக்கிலுள்ள யூ.ரீ.எஃப்.-8 என்னும் முறையிலே தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைற்று செல்லும். ‘அம்மா’ என்ற சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், அரவு என 5 குறிகள் இருத்தலால், அச்சொல் 15 பைற்று. அதாவது 120 பிற்று. கம்பியிலே ஓடுவது பிற்று. கோப்பிலே கிடப்பது பைற்று. ஆகவே கோப்பின் அளவை முதலில் 8ஆற் பெருக்கிக்கொண்டு பின்னரே கம்பியின் வேகத்தால் வகுத்தல் வேண்டும். 900ஐ 8ஆற் பெருக்க 7,200 மெகாபிற்று. அதனை 2ஆல் வகுக்க 3,600 செக்கன். சரியாக ஒரு மணித்தியாலம்! நாம் சொன்னது ஏழரை நிமிடம்.

10.40க்கே பையன் அனுப்பத் தொடங்கியிருந்தால் கோப்பு நள்ளிரவுக்கு முன் போய்ச் சேர்ந்திருக்கும். அவனைத் தாமதிக்கச் செய்தது கொம்பனியுமன்று, கம்பியுமன்று.

அன்று பின்னேரம் மனம் கேளாமல் அயல்வீட்டு ஐயாவிடம் போனோம். அவர் இளைப்பாறிய தபாலதிபர். வயது எண்பதை நெருங்குகிறது. இளமையில் மோர்ஸ் தந்தி பழகியவர். இன்றைக்கும் பேச்சின் நடுவே அவருடைய ஆட்காட்டி விரல் கதிரைக் கையில் தட்டிக்கொண்டேயிருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எங்கடை தந்திக் கந்தோரிலை இந்தப் பிழை வராது, தம்பி. சனங்கள் சொல்லை எண்ணிக் காசு கட்டுவினம். நாங்கள் புள்ளியை எண்ணித் தட்டுவம். ரெண்டும் வேறை எண்டு முதல் நாளே சொல்லித் தந்திடுவினம்.”

இவ்விடத்திலே தந்தியின் கதையைச் சற்று விரித்தல் வேண்டும். ஏனெனில், இன்றைய ஒளிநார்க் கம்பியின் கணக்கு முழுவதும் அதிலேதான் முளைத்தது. மோர்ஸ் முறையிலே ஒரு புள்ளியின் நீளம் ஓர் அலகு. கோடு மூன்று அலகு. ஓரெழுத்துக்குள்ளே குறிகளுக்கிடையில் ஓர் அலகு மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. தந்திக்காரரின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று சொல்வது வழக்கம். ஆனால் சொற்கள் நீண்டும் குறுகியும் வருமாதலால், எந்தச் சொல் என்ற கேள்வி எழும். அதற்காகப் ‘பாரிஸ்’ என்ற நகரத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, அதனையே அளவுகோற் சொல்லாகக் கொண்டனர். பின்வரும் இடைவெளியையும் சேர்த்தெண்ணினால் அச்சொல் சரியாக 50 அலகு. ஆகவே நிமிடத்துக்கு 20 சொல் தட்டுபவர் நிமிடத்துக்கு 1,000 அலகு தட்டுகிறார். செக்கனுக்கு ஏறத்தாழ 17. சொல்லை அலகாகவும் நிமிடத்தைச் செக்கனாகவும் மாற்றிய இந்தச் சிறு கணக்குத்தான் தொலைத்தொடர்பு வேகக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அரிச்சுவடி.

பிரான்சு தேசத்துத் தந்திப் பொறியியலாளரான எமில் போடோ என்பவர் 1874இல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்தே ஐந்து குறிகள் என்ற புதிய முறை ஒன்றுக்கு உரிமைபெற்றார். மோர்சிலே சில எழுத்துக்கள் குறியவை, சில நெடியவை; போடோவின் முறையிலே எல்லாம் ஒரே நீளம். அதனால் இயந்திரமே எழுத்தைப் பெற்று அச்சிடல் இலகுவாயிற்று. செக்கனுக்கு எத்தனை குறி கம்பியிற் செல்கிறது என்பதைக் குறிக்கும் அலகுக்கு அவர் பெயரால் ‘போட்’ என்றே பெயர் வைத்தனர். பிற்காலத்தில் வந்த ரெலெக்ஸ் இயந்திரங்கள் 50 போட் வேகத்திலே ஓடின. எழுத்துக்கு ஐந்து குறி, தொடக்கத்தை அறிவிக்க ஒன்று, முடிவை அறிவிக்க ஒன்றரை, ஆக ஏழரை. (மறுபடியும் ஏழரை!) 50ஐ ஏழரையால் வகுத்து 60ஆற் பெருக்கினால் நிமிடத்துக்கு 400 எழுத்து. இடைவெளியோடு சொல்லுக்கு ஆறு எழுத்தென்று கொண்டால் 66 சொல்லுக்குச் சற்று மேலே.

ஐயா அன்று ஒரு வேடிக்கையான கேள்வியைக் கேட்டார். பையனின் அந்த ஒளிப்பதிவை ரெலெக்ஸ் கம்பியில் அனுப்பினால் எவ்வளவு காலம் செல்லும்? ஏழரைக் குறியில் ஐந்துதான் பயன்படும் பிற்று. ஆகவே பயனுள்ள வேகம் செக்கனுக்கு முப்பத்துமூன்றேகால் பிற்றுக்குச் சற்று மேல். அதனால் 7,200 மெகாபிற்றை வகுத்துப் பார்த்தோம். 216 மில்லியன் செக்கன். அதாவது ஏறத்தாழ 6 வருடமும் 10 மாதமும். “அப்ப ஏழரைச் சனி முடியிறதுக்கு முதல் போய்ச் சேர்ந்திடும்” என்றார் ஐயா. துக்கம் விசாரிக்கப் போன இடத்திற் சிரித்துவிட்டோம்.

சிரித்து முடிந்ததும் அவர் விரல் நின்றது. “பொடியனிட்டைச் சொல்லிப்போட்டீரோ, பிழை உம்முடையது எண்டு?”

இல்லை என்றோம். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்று, தாயார் இருக்கத்தக்கதாகவே, தாளைப் பையன் முன் விரித்து, எட்டை மறந்தவர் நாமே என்று கூறினோம். அவன் நெடுநேரம் அத்தாளைப் பார்த்திருந்துவிட்டு, “அப்ப எங்கடை இணைப்பு நல்லாத்தான் வேலை செய்திருக்கு” என்றான். எம்மை அவன் குறைகூறியிருந்தாலும் அவ்வளவு சுட்டிராது.

நிற்க. இந்த இரு பெயர்களும் ஏன் இவ்வளவு நெருக்கமாக வந்து வாய்த்தன என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டுக்கும் பிறந்த கதை உண்டு. பிற்று என்ற சொல்லை உலகறியச் செய்தது 1948இல் அமெரிக்க அறிஞர் குளோட் ஷனன் வெளியிட்ட தொடர்பாடற் கணிதக் கட்டுரை. அச்சொல்லைத் தமக்குச் சொல்லித் தந்தவர் ஜோன் ரூக்கி என்பதை அவர் அக்கட்டுரையிலேயே மறைக்காமல் எழுதியிருக்கிறார். பைற்று என்பது 1956இல், ஐ.பி.எம். நிறுவனத்தார் ‘ஸ்ரெச்’ என்னும் பெருங்கணினியை வகுத்துக்கொண்டிருந்தபோது வேர்னர் புக்கோல்ஸ் என்பவர் படைத்த சொல். ஒரே கடியில் வாய்க்குள் எடுக்கக்கூடியது என்ற கருத்தில், ‘கடி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அவர் எடுத்தார். ஆனால் அதன் கடைசி எழுத்துத் தவறுதலாக விடுபட்டால் அது பிற்று ஆகிவிடுமே என்று அஞ்சி, நடுவிலுள்ள எழுத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்தார். இரண்டும் மயங்கக்கூடாதென்று அன்றே ஒரு மனிதர் அவ்வளவு முன்யோசனை செய்திருக்க, அதையும் மீறி மயங்கினோம் நாம்!

பைற்று என்பது தொடக்கத்தில் எட்டுப் பிற்று என்று முடிந்த முடிபாக இருக்கவில்லை. ஆறு பிற்றைக் கொண்டு எழுத்தைக் குறித்த இயந்திரங்கள் பல இருந்தன. 1964இல் ஐ.பி.எம். அறிமுகம் செய்த 360 வரிசைக் கணினிகள் எட்டைக் கைக்கொண்ட பின்னரே அது உலக வழக்காயிற்று. ஐந்தும் ஆறும் எட்டுமாக ஒவ்வொருவர் ஒவ்வொரு கூறு கட்டி வைத்திருக்கையில், கம்பிக்குப் பொறுப்பானவர் என்ன செய்வார்? சந்தையிலே வெற்றிலையைக் கூறு கூறாக விற்கிறார்கள். கூறுக்கு எத்தனை இலை என்பது விற்பவரின் இஷ்டம். எல்லார்க்கும் பொதுவான கணக்கு வேண்டுமென்றால் இலையைத்தான் எண்ண வேண்டும். தொலைத்தொடர்பாளர் பிற்றை எண்ணுவதன் நியாயம் இதுவே. எண்ணைப் பெரிதாக்கிக் காட்டி எம்மை ஏமாற்றுவதற்காகவே பிற்றிற் சொல்கிறார்கள் என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். விளம்பரக்காரருக்கு அது வாய்ப்பாக அமைந்தது என்பது மெய். ஆனால் அவர்கள் பிறக்குமுன்பே அந்த வழக்கு வந்துவிட்டது.

விளம்பரம் என்றதும் இன்னொன்று. செக்கனுக்கு மெகாபிற்று என்பதை ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ‘எம்.பி.பி.எஸ்.’ என்கிறார்கள். எமது ஊரிலே எம்.பி.பி.எஸ். என்றால் காதிற் படுவது ஒன்றுதான். பிள்ளையை வைத்தியராக்க விரும்பாத வீடு ஏது? “20 எம்.பி.பி.எஸ்.” என்ற விளம்பரத்தைக் கண்டு, ஒரே வீட்டில் இருபது டாக்குத்தரோ என்று கேட்ட மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். அச்சுருக்கத்தில் வரும் ‘பி’ சிறிய எழுத்தாயின் பிற்று, பெரிய எழுத்தாயின் பைற்று என்பது வழக்கு. அதுபோலவே ‘எம்’ பெரிய எழுத்தாயின் மெகா, அதாவது மில்லியன். சிறிய எழுத்தாயின் மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைப்பலகைகளில் எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே எழுதிவைத்திருப்பதைக் காண்கிறோம். எழுத்துப்படி கொண்டால் அக்கடையின் 20 மில்லிபிற்று இணைப்பில் ஒரே ஒரு பிற்று வந்து சேர 50 செக்கன் பிடிக்கும்! மாணவர்கள் பரீட்சையில் அவ்வாறு எழுதினால் புள்ளி குறைப்போம். கடைக்காரரை யார் குறைப்பது?

இனி ஆயிரத்தின் சங்கதி. கிலோ என்றால் 1,000, மெகா என்றால் 1,000,000 என்று ஐந்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். ஆனால் கணினியின் நினைவகம் இரண்டின் மடங்குகளாலே கட்டப்படுவது. இரண்டைப் பத்துத் தடவை தம்முட் பெருக்க 1,024 வரும். ஆயிரத்துக்கு அண்மையில் இருக்கிறதே என்று கணினிக்காரர் அதையே கிலோ என்று அழைக்கத் தொடங்கினர். கிலோவில் வேற்றுமை நூற்றுக்கு 2.4 தான், மெகாவில் ஏறத்தாழ 4.9, கிகாவில் 7.4, தெராவில் 10. சிறுகச் சிறுக வளரும் கடன் போன்றது இது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1998இல் 1,024க்குக் கிபி என்றும், அதன் இருபடிக்கு மெபி என்றும் தனிப்பெயர் இட்டது. (கிறிஸ்துவுக்குப் பின் என்று வாசித்துவிடாதீர்கள்.) பெயரிட்டும் என்ன, மக்கள் நாவில் இன்னும் ஏறவில்லை. பழைய நெகிழ்தட்டுகளில் 1.44 மெகாபைற்று என்று எழுதியிருந்தது நினைவிருக்கிறதா? அது 1,440ஐ 1,024ஆற் பெருக்கி வந்த தொகை. ஒரு மெகாவுக்குள்ளேயே ஆயிரமும் ஆயிரத்து இருபத்துநான்கும் கைகோத்து நின்றன. வலையமைப்பின் வேகத்திலே இந்த இரட்டை வழக்கு இல்லை. அங்கே கிலோ என்றால் என்றும் ஆயிரம்தான்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. தொலைபேசியில் நாம் பேசும் குரலை எண்ணாக மாற்றும்போது, செக்கனுக்கு 8,000 தடவை அதனை அளந்து, ஒவ்வோர் அளவையையும் 8 பிற்றாற் குறிப்பார்கள். ஆகவே ஒருவர் குரலுக்குச் செக்கனுக்கு 64,000 பிற்று, 64 கிலோபிற்று. ஐரோப்பிய முறையில் இத்தகைய 32 வழிகளை ஒன்றாகக் கட்டினார்கள். முப்பதிற் குரல் செல்லும், ஒன்று ஒழுங்கு காக்க, ஒன்று அழைப்புகளை நடத்த. மொத்தம் 2,048 கிலோபிற்று. அந்த எண்ணைக் கண்டதும், ஆகா, இது 1,024இன் இருமடங்கல்லவா, சரியாக 2 மெகாபிற்று என்று மகிழ்ந்துபோகும் மாணவர் பலர். அன்று! 32ஐ 64ஆற் பெருக்கியதால் தற்செயலாக வந்த தோற்றம் அது. அதன் வேகம் 2.048 மெகாபிற்றுத்தான். அமெரிக்கர் 24 வழிகளைக் கட்டி, ஒழுங்கு காக்கச் செக்கனுக்கு 8,000 பிற்றை மேலதிகமாகச் சேர்த்து 1.544 மெகாபிற்று ஆக்கினர். அங்கே இம்மயக்கத்துக்கு இடமேயில்லை.

போட் என்பதையும் பிற்றையும் ஒன்றென்று கொள்வது இன்னொரு பழைய பிழை. ரெலெக்ஸிலே ஒரு குறிக்கு ஒரு பிற்று. ஆகவே அங்கே இரண்டும் ஒன்றே. ஆனால் பின்னாளிலே தொலைபேசிக் கம்பியிற் கணினிகளை இணைத்த மோடம் கருவிகள் ஒரே குறியிற் பல பிற்றுக்களை ஏற்றின. செக்கனுக்கு 2,400 பிற்று அனுப்பிய கருவி உண்மையில் அனுப்பியது 600 குறிகளையே. குறிக்கு நான்கு பிற்று. அதனை 2,400 போட் என்று விற்றவர்களும் உண்டு, வாங்கியவர்களும் உண்டு.

எமது கணக்குக்குத் திரும்புவோம். ஒரு மணித்தியாலம் என்றோமே, அதுவும் முழு உண்மையன்று. பையனின் கணினி 900 என்று காட்டியது 1,024இன் வழியில் எண்ணிய மெகா. ஆகவே உண்மையில் அக்கோப்பு 943.7 மில்லியன் பைற்று. அதனால் 3,600 செக்கன் 3,775 ஆகிறது. அதன்மேல் இன்னொரு சுமையும் உண்டு. கோப்பு முழுதாகக் கம்பியிற் செல்வதில்லை. சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதப்பட்டே செல்கிறது. தபாலதிபருக்கு இதை விளக்க வேண்டிய தேவை எமக்கு இருக்கவில்லை. கடதாசியை மட்டும் நிறுத்தால் நிறை குறைவு. தபாற்பை சுமப்பது உறையையும் சேர்த்தல்லவா? சாதாரணமான ஈதர்நெற் வழியில், பொதியொன்றிலே 1,460 பைற்றுச் சரக்கு இருந்தால், முகவரி, காவற்குறி, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1,538 பைற்றுக்குரிய நேரம் செல்லும். நூற்றுக்கு 95 பங்குதான் எமக்கு. அந்தப் பங்கையும் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 66 நிமிடம். 11.35இலிருந்து நள்ளிரவு வரை 25 நிமிடம். 25ஐ 66ஆல் வகுத்து நூற்றாற் பெருக்கிப் பாருங்கள், அந்த 38 வந்து நிற்கும். அன்றிரவு திரை காட்டிய எண் அது.

வீட்டாருக்கு உதவக்கூடிய சில வார்த்தைகள் மட்டும் கூறுகிறோம். கொம்பனி சொல்லும் மெகாபிற்று வேகத்தை எட்டால் வகுப்பதற்குப் பதிலாகப் பத்தால் வகுத்து விடுங்கள். உறைக்கும் சுமைக்கும் அதிலேயே இடம் கிடைத்துவிடும், வகுப்பதும் இலகு. 20 மெகாபிற்று இணைப்பில் செக்கனுக்கு 2 மெகாபைற்று வந்தால் இணைப்பிற் குறையில்லை. அடுத்தது, விளம்பரத்தில் உள்ள பெரிய எண் பெரும்பாலும் எம்மிடம் வருகின்ற வேகம். எம்மிடமிருந்து போகின்ற வேகம் பல இணைப்புகளில் அதனிலும் மிகக் குறைவு. வீடுகளில் வாங்குவதே அதிகம், கொடுப்பது குறைவு என்று எண்ணி அவ்வாறு பங்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஏதாவது அனுப்ப வேண்டியிருந்தால் பார்க்கவேண்டியது அந்தச் சிறிய எண்ணை. ‘வரை’ என்ற இரண்டெழுத்துச் சொல்லும் விளம்பரத்தின் மூலையில் எங்காவது இருக்கும். அதையும் தேடிப் பாருங்கள்.

மாதத்துக்கு 100 கிகாபைற்று என்று அளந்து தருகின்ற திட்டங்களையும் இவ்வாறே நிறுத்துப் பார்க்கலாம். 100 கிகாபைற்று என்பது 800 கிகாபிற்று. 20 மெகாபிற்று வேகத்தில் இடைவிடாது இறக்கினால் 40,000 செக்கனில் முடிந்துபோம்; 11 மணித்தியாலமும் சில நிமிடமும். அதனையே மாதத்தின் 30 நாளுக்கும் இரவு பகலாகப் பங்கிட்டால் செக்கனுக்கு 0.31 மெகாபிற்றுத்தான் வருகிறது. வேகத்துக்கு ஒரு விலையும் அளவுக்கு ஒரு விலையும் இருக்கையில், தமக்கு எது தேவையென்று இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தபின் கடைக்குப் போவது நல்லது. எமது அயலில் ஒருவர் பிள்ளையின் வகுப்பு அடிக்கடி நின்றுபோகிறதென்று வேகத்தை இருமடங்காக்கிப் பணம் கட்டினார்; நின்றதற்குக் காரணம் மாத அளவு இருபதாந் திகதிக்கே தீர்ந்துபோனது.

மிருதங்கக்காரப் பையன் இவ்வருடம் மீண்டும் விண்ணப்பித்தான். இம்முறை பதிவு சற்று நீளம், 1.2 கிகாபைற்று. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவன் எம்மைக் கேட்கவில்லை. தாளிலே தானே எழுதிக்கொண்டு வந்து காட்டினான். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு, அலகுக்குப் பக்கத்தில் எட்டு, அந்த எட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். விடை 4,800 செக்கன். அதன்கீழே, ‘உறைச்சுமை சேர்த்து 2 மணித்தியாலம் என்று கொள்க’ என்று குறிப்பு. மூன்று தடவை சரிபார்த்தோம், பிழையில்லை. முடிவு நாளுக்கு முதல் நாள் பின்னேரம் 5 மணிக்கு அனுப்பத் தொடங்கினான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டதென்று தாயார் தொலைபேசியிற் கூறினார். கல்லூரியிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.